மலைப்பாதையில் வாந்தி ஏன் வருகிறது? ஓட்டுநர் இல்லாத காரிலும் வருமா?



கொல்லிமலைப் பயணம் என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு ஜன்னலோர இருக்கை யாருக்கு என்பதுதான். காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவைத் தாண்டுவதற்குள் ஒரு பிள்ளை முகம் வெளுத்துப்போகும். இருபதாவது வளைவில் பையைத் தேடுவோம். மதரஸா பிள்ளைகளின் சுற்றுலாவானாலும், மலைமேல் உள்ள உறவினர் வீட்டுக் கல்யாணமானாலும் இதே நிலைதான்.

இதைச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இதில் ஒரு கவலையும் இருக்கிறது. மலைமேல் வாழும் பெரியவர்கள் சிலர், நாமக்கல்லுக்கு மருத்துவரிடம் காட்ட வரவேண்டிய தேதியைத் தள்ளிப்போடுகிறார்கள். நோயைவிட இறங்கி ஏறும் பயணம்தான் பயமாக இருக்கிறது என்கிறார்கள். கர்ப்பிணிப் பெண்கள் மாதப் பரிசோதனையைத் தவிர்க்கிறார்கள். வாந்தி வருகிறது என்று பேருந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டும் பிள்ளைக்கு எதிரே வரும் வண்டியால் உயிராபத்தே நேரலாம். ஆகவே இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் கார்களைப் பற்றிய செய்திகளை நம் பிள்ளைகள் கைபேசியில் பார்க்கிறார்கள். "அந்தக் கார் வந்துவிட்டால் வாந்தி வராதா?" என்று கேட்கிறார்கள். உலகத்தின் பெரிய கார் நிறுவனங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. அவர்கள் தேடிக் கண்டுபிடித்தவற்றில் பல, நம் மலைப்பாதையில் இன்றைக்கே பயன்படக்கூடியவை. அவற்றை எளிமையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காதுக்குள் இருக்கும் தராசு

வாந்தி வயிற்றிலிருந்து வந்தாலும், பயணத்தில் அதன் தொடக்கம் காதில்தான். நம் உள்காதில் கேட்பதற்கான பகுதியோடு, உடல் எப்படி அசைகிறது என்பதை அறியும் பகுதியும் இருக்கிறது. மூன்று அரைவட்டக் குழல்கள் அங்கே உள்ளன. அவற்றுக்குள் நீர் போன்ற திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது அந்தத் திரவம் சற்றுப் பின்தங்கி அசையும். அதை வைத்து, "நாம் திரும்புகிறோம்" என்று மூளைக்குச் செய்தி போகும். குழல்களுக்கு அருகே இரண்டு சிறு பைகள் உள்ளன. அவற்றில் மணல் போன்ற நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. வண்டி வேகம் எடுப்பதையும், பிரேக் போடுவதையும், ஏறி இறங்குவதையும் அறிவது அவைதான்.

கண்ணும் இதே செய்தியை வேறு வழியில் அனுப்புகிறது. வெளியே மரமும் பாறையும் பின்னோக்கி ஓடினால், "நாம் நகர்கிறோம்" என்கிறது. இரண்டு செய்தியும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. பேருந்தில் ஒரு பிள்ளை குனிந்து கைபேசியில் படம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் பார்ப்பது அசையாத திரை. காது உணர்வதோ இடமும் வலமுமாகத் திரும்பும் வண்டி. இரண்டும் முரண்பட, மூளை குழம்பிவிடுகிறது. முதலில் கொட்டாவி, பிறகு வாயில் எச்சில் ஊறுதல், குளிர்ந்த வியர்வை, முகம் வெளுத்தல், கடைசியில் குமட்டலும் வாந்தியும். இதுவே பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம்.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. உள்காதின் இந்தப் பகுதி முற்றிலும் செயலிழந்தவர்களுக்குக் கொந்தளிக்கும் கடலில் கப்பலில் போனாலும் குமட்டல் வருவதில்லை. எனவே பயணத்தில் வாந்தி எடுப்பவர் பலவீனமானவர் அல்ல. அவருடைய காது சரியாக வேலை செய்கிறது என்பதே அதன் பொருள்.

எல்லோருக்கும் இது ஒரே அளவில் வருவதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மிக அரிது. இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரை அதிகம். வயது ஏற ஏறக் குறையும். ஆண்களைவிடப் பெண்களுக்கும், அவர்களிலும் கர்ப்பிணிகளுக்கும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கூடுதலாக வரும். அடிக்கடி போய் வருபவர்களுக்கு உடல் பழகிவிடும். தினமும் மலையேறும் நடத்துநர்கள் நின்றபடியே டிக்கெட் கொடுப்பது இந்தப் பழக்கத்தால்தான்.

மலையேறும்போது காது அடைப்பது வேறு விஷயம். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் அது வருகிறது. எச்சிலை விழுங்கினாலோ, கொட்டாவி விட்டாலோ திறந்துகொள்ளும். குழந்தைக்குப் பால் கொடுத்தால் போதும்.

குண்டும் குழியுமான சாலையில் ஏன் வருவதில்லை?

பழுதான கிராமச் சாலையில் ஆட்டோவில் போனால் இடுப்பு வலிக்கும், ஆனால் வாந்தி வராது. நன்றாகத் தார் போட்ட மலைப்பாதையில் சொகுசுக் காரில் போனால் வருகிறது. இது ஏன்?

கடற்பயணக் குமட்டலை ஆராய்ந்தவர்கள் இதற்கு விடை கண்டார்கள். வேகமான குலுக்கல் உடலை வலிக்கச் செய்யும், குமட்டலைத் தராது. மெதுவான ஆட்டமே குமட்டலைத் தருகிறது. குறிப்பாக ஐந்து நொடிக்கு ஒருமுறை போய்வரும் ஆட்டம் மிக மோசமானது. கப்பல் அலையில் ஏறி இறங்குவது ஏறக்குறைய இந்தத் தாளத்தில்தான். கொண்டை ஊசி வளைவுகளில் இடதும் வலதுமாகச் சாய்வதும், ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் போட்டு மறுபடி வேகம் எடுப்பதும் இத்தகைய மெதுவான ஆட்டங்களே. மலைப்பாதையை ஒரு மணி நேரத்தில் ஏறினால், நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் வளைவு வருகிறது. உடல் தெளிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

வளைவில் உடலைப் பக்கவாட்டில் தள்ளும் விசைக்கு ஒரு கணக்கு உண்டு. ஓட்டுநர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 12 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், நம் உடல் எடையில் ஏழில் ஒரு பங்கு அளவு விசை பக்கவாட்டில் தள்ளும். அதே வளைவில் 30 கிலோமீட்டரில் திரும்பினால், எடையில் பாதிக்கு மேல் தள்ளும். 60 கிலோ எடையுள்ள பாட்டியம்மாவை 35 கிலோ விசையோடு யாரோ பக்கவாட்டில் இடிப்பதைப் போன்றது அது. வளைவில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாலே பயணிக்குப் பெரிய வித்தியாசம் தெரிவது இதனால்தான்.

ஓட்டுபவருக்கு ஏன் வருவதில்லை?

பயணத்தில் வாந்தி எடுப்பவர்கள் பலர், தாமே கார் ஓட்டும்போது எடுப்பதில்லை. அதே பாதை, அதே வண்டி, அதே வளைவு. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். ஓட்டுபவருக்கு அடுத்த அசைவு முன்கூட்டியே தெரியும். வளைவு வருவதைப் பார்க்கிறார், ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார், திரும்புவதற்கு முன்பே தலையை வளைவின் உள்பக்கம் சாய்த்துக்கொள்கிறார். மூளை எதிர்பார்த்த அசைவைத்தான் காதும் சொல்கிறது. குழப்பத்துக்கு இடமில்லை.

பயணியின் தலையோ வளைவின் வெளிப்பக்கம் எறியப்படுகிறது. அசைவு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. பின்னிருக்கையில் முன் இருக்கையின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது இன்னும் மோசம். வேனில் பக்கவாட்டுப் பலகையில் உட்கார்ந்து மலையேறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உம்ரா சென்றவர்கள் மக்காவிலிருந்து தாயிஃபுக்கு ஜியாரத் போகும்போது ஹதா மலைப்பாதையில் ஏறியிருப்பார்கள். அங்கும் பேருந்தின் முன்பக்கம் உட்கார்ந்தவர்கள் காட்சியை ரசிக்க, பின்பக்கம் உட்கார்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம்.

ஓட்டுநரே இல்லாவிட்டால்?

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வேமோ நிறுவனத்தின் கார்கள் 2020 அக்டோபர் முதல் ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லாமலேயே பொதுமக்களை ஏற்றிச் செல்கின்றன. அத்தகைய காரில் உள்ள எல்லோருமே பயணிகள்தான். அடுத்த அசைவை முன்கூட்டியே அறிந்திருந்த அந்த ஒருவரும் அங்கே இல்லை. இதுவரை குமட்டலிலிருந்து தப்பித்து வந்தவரும் இப்போது மாட்டிக்கொள்கிறார்.

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களான மைக்கேல் சிவாக், பிராண்டன் ஷோட்லி இருவரும் 2015இல் இதைக் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முழுவதும் தானாக ஓடும் காரில் போகும் அமெரிக்கப் பெரியவர்களில் 6 முதல் 10 விழுக்காட்டினருக்கு அடிக்கடியோ எப்போதுமோ ஓரளவு குமட்டல் வரக்கூடும் என்று கணித்தார்கள். அந்தக் காரில் என்ன செய்வீர்கள் என்று பல நாட்டினரிடம் கேட்டதில், இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன பதில்கள் குமட்டலைக் கூட்டும் வேலைகளாகவே இருந்தன. படிப்பது, செய்தி அனுப்புவது, படம் பார்ப்பது, விளையாடுவது போன்றவை அவை. தானாக ஓடும் கார் தரும் பெரிய வசதியே, ஓட்டும் நேரத்தில் வேறு வேலை பார்க்கலாம் என்பதுதான். அந்த வசதியே வயிற்றைப் புரட்டும் காரணமாகவும் ஆகிவிடுகிறது. எதிரெதிராக உட்கார்ந்து பேசிக்கொண்டு போகும்படி இருக்கைகளை அமைக்கும் மாதிரிகளும் வந்தன. அதில் பின்னோக்கி உட்காருபவருக்கு வரப்போகும் வளைவு தெரியவே தெரியாது.

மின்சாரக் கார்களிலும் இதன் சாயல் தெரிகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே அவற்றில் பல தாமாக வேகம் குறைகின்றன. அப்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக மாற்றிச் சேமிப்பதற்காக இந்த ஏற்பாடு. பழகாத ஓட்டுநர் காலை வைத்து வைத்து எடுத்தால் வண்டி முன்னும் பின்னும் ஆடும். எஞ்சின் சத்தமும் இல்லாததால், வேகம் கூடப்போகிறதா குறையப்போகிறதா என்பதைப் பயணி காதால் ஊகிக்கவும் முடியாது.

நிறுவனங்கள் தேடும் தீர்வு

கார் நிறுவனங்களும் ஆய்வாளர்களும் மூன்று வழிகளில் முயல்கிறார்கள்.

முதல் வழி, வண்டி ஓட்டும் முறையை மென்மையாக்குவது. வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதைவிட, எவ்வளவு திடீரென்று மாறுகிறது என்பதுதான் பயணியை அதிகம் பாதிக்கிறது. திடீர் பிரேக்கில் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் விழுவதும், மெல்லப் போட்ட பிரேக்கில் அப்படியே நிற்பதும் நாம் பேருந்தில் அன்றாடம் பார்ப்பதே. தானியங்கி வண்டிக்கு எழுதப்படும் கணினி நிரலில், பிரேக்கையும் திருப்பத்தையும் படிப்படியாகத் தொடங்கிப் படிப்படியாக முடிக்கும்படி வரம்பு வைக்கிறார்கள்.

இரண்டாவது வழி, கண்ணுக்கும் காதுக்கும் ஒரே செய்தியைக் கொடுப்பது. பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் 2018இல் ஒரு கண்ணாடியை வெளியிட்டது. அதன் சட்டத்தின் வளையங்களுக்குள் நீல நிறத் திரவம் இருக்கும். வண்டி சாய்ந்தால் திரவமும் சாயும். படித்துக்கொண்டிருப்பவரின் கண்ணோரத்தில் அந்த அசைவு தெரிந்துகொண்டே இருக்கும். 2024இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனில் இதே எண்ணத்தைக் கொண்டுவந்தது. திரையின் ஓரங்களில் சிறு புள்ளிகள் வண்டியின் அசைவுக்கேற்ப நகரும். இந்த வசதியை அமைப்புகளில் போய் நாமே இயக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி, அடுத்து வரப்போவதை முன்கூட்டியே பயணிக்குச் சொல்வது. விளக்கின் அசைவாலோ, மெல்லிய ஒலியாலோ, இருக்கையின் லேசான அதிர்வாலோ "இப்போது இடப்பக்கம் திரும்பப்போகிறோம்" என்று உணர்த்துவதைப் பல இடங்களில் சோதித்து வருகிறார்கள்.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மெதுவாகத் திருப்பு, வெளியே பார்க்க விடு, முன்கூட்டியே சொல். அனுபவமுள்ள நம் மலைப்பாதை ஓட்டுநர்கள் பயணிகளை நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இந்த மூன்றால்தான்.

நம் மலைக்கு எப்போது வரும்?

தண்டவாளத்தில் ஓட்டுநரில்லாப் பயணம் நம் நாட்டுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. தில்லி மெட்ரோவின் மெஜந்தா வழித்தடத்தில் 2020 டிசம்பரில் அது தொடங்கியது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கும் ஓட்டுநரில்லா ரயில்களே தயாராகின்றன. தண்டவாளத்தில் வளைவு எங்கே, எவ்வளவு என்பது முன்பே முடிவாகியிருக்கும். எதிரே வண்டி வராது. அதனால் அங்கே சொகுசாகப் போவது எளிது.

கொல்லிமலைப் பாதை அப்படிப்பட்டது அல்ல. மூடுபனி இறங்கும். குரங்கு குறுக்கே வரும். அன்னாசியும் வாழையும் ஏற்றிய வண்டி வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு இறங்கும். ஒருவர் கையசைத்து வழிவிட, இன்னொருவர் ஹாரன் அடித்து நன்றி சொல்லிப் போவார். மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனாலும் யார் எங்கே ஒதுங்குவது என்பதை அந்தந்த இடத்தில் இரண்டு ஓட்டுநர்கள் கண்ணால் பேசி முடிவு செய்கிறார்கள். இதைக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது எளிதல்ல. இப்போது இந்தியாவில் விற்கும் சில கார்களில் முன்வண்டியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் வசதியும், சாலைக் கோட்டுக்குள் வண்டியை நிறுத்தும் வசதியும் உள்ளன. அவை ஓட்டுநருக்குத் துணை மட்டுமே. கோடு இல்லாத கொண்டை ஊசி வளைவில் அவற்றை நம்பி ஸ்டீயரிங்கை விட்டால் ஆபத்து.

வயிற்றுப்பாட்டின் பக்கமும் இதில் இருக்கிறது. லாரித் தொழிலால் பெயர் பெற்ற ஊர் நாமக்கல். நம் ஜமாஅத்துகளிலும் லாரி, வேன், கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். ஓட்டுநரில்லாக் கார்களை அனுமதித்தால் ஓட்டுநர்களின் வேலை பறிபோகும், ஆகவே அனுமதிக்க மாட்டேன் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் 2023இலும் வெளிப்படையாகவே சொன்னார். வருங்காலத்தில் என்ன நடந்தாலும், பயணியை நோகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்த ஓட்டுநருக்கு மதிப்பு இருக்கும். அந்தத் திறமையைத்தான் இன்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கப் பெரும் பணம் செலவழிக்கிறார்கள்.

பயணம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

1. முன்பக்கம் உட்காருங்கள். பேருந்தில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே, பாதை கண்ணுக்குத் தெரியும் இருக்கை நல்லது. கடைசி இருக்கையில் ஆட்டம் அதிகம்.

2. காரில் சிறு பிள்ளைகளை முன்னிருக்கையில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். திடீரென்று நின்றால் பெரிய காயம் ஏற்படும். பின்னிருக்கையில் பெல்ட் போட்டு, முன்கண்ணாடி வழியே பாதை தெரியும்படி சற்று உயர்த்தி உட்கார வையுங்கள்.

3. கைபேசியையும் புத்தகத்தையும் மலை இறங்கும்வரை பையில் வையுங்கள். பிள்ளையை அமைதிப்படுத்த கைபேசி கொடுப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

4. வளைவுகளுக்கு எண் இட்ட பலகைகளைத் தேடி உரக்கச் சொல்லும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். "இருபத்தொன்று, வலப்பக்கம்!" என்று அவர்கள் சொல்லும்போது கண் பாதையில் இருக்கும், அடுத்த அசைவும் முன்பே தெரிந்துவிடும். கார் நிறுவனங்கள் விளக்காலும் ஒலியாலும் செய்யப் பார்ப்பதை நம் பிள்ளைகள் விளையாட்டாகவே செய்துவிடலாம்.

5. தலையை இருக்கையில் சாய்த்து அசையாமல் வையுங்கள். வளைவு வரும்போது ஓட்டுநரைப் போலவே உள்பக்கம் லேசாகச் சாயுங்கள். பார்க்க முடியாத இடத்தில் உட்கார நேர்ந்தால் கண்ணை மூடிக்கொள்வது நல்லது. தூங்கிவிட்டால் இன்னும் நல்லது.

6. பிரியாணி சாப்பிட்ட கையோடு மலையேற வேண்டாம். வெறும் வயிறும் கூடாது. இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ போதும்.

7. காற்று வரட்டும். அத்தரும் கார் வாசனைத் திரவியமும் டீசல் வாடையும் குமட்டலைக் கூட்டும். எலுமிச்சம்பழத்தை முகர்வதும் இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொள்வதும் சிலருக்கு உதவும். தீங்கில்லாத பழக்கம்தான். வயிற்றில் செய்தித்தாளைக் கட்டிக்கொள்வதற்குக் காதோடு ஒரு சம்பந்தமும் கிடையாது.

8. கனமான பை இரண்டும், தண்ணீரும், துடைக்கத் துணியும், ஒரு மாற்றுடையும் கையில் இருக்கட்டும். உடையில் பட்டுவிட்டால் தொழுகை நேரத்தில் தவிக்க வேண்டியிருக்காது. பையைக் கட்டி ஊருக்கு எடுத்து வந்து குப்பைத்தொட்டியில் போடுங்கள், மலையில் எறிய வேண்டாம். தலையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்ட விடாதீர்கள்.

9. "இவளுக்கு எப்பவும் இப்படித்தான்" என்று பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். பயமும் எதிர்பார்ப்பும் குமட்டலைச் சீக்கிரம் கொண்டுவரும்.

ஓட்டுநர் சகோதரர்களுக்கு

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் ஒரே சீராகத் திருப்பி, வெளியே வந்த பிறகு மெல்ல வேகம் எடுங்கள். வளைவுக்கு நடுவே பிரேக் போடுவதைத் தவிருங்கள். எஞ்சினின் பிடியிலேயே, சின்ன கியரில் இறங்கினால் பிரேக்கும் சூடாகாது, பயணிகளும் ஆடமாட்டார்கள். யாருக்காவது முகம் வெளுத்தால், பாதுகாப்பான இடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். வெளியே இறங்கித் தொலைவில் உள்ள மலைமுகட்டைப் பார்த்தபடி நின்றாலே பலருக்குத் தெளிந்துவிடும்.

மாத்திரை பற்றி

மருந்துக் கடைகளில் கிடைக்கும் அவோமின் போன்ற மாத்திரைகள் காதிலிருந்து மூளைக்குப் போகும் செய்தியின் வேகத்தைத் தணிக்கின்றன. வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் பயன் குறைவு. மலையேறுவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும். இவை தூக்கம் வரவைக்கும். ஆகவே வண்டி ஓட்டுபவர் கண்டிப்பாகப் போடக்கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகளும், கண்ணில் நீரழுத்தம் உள்ளவர்களும், சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் முதியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். பிள்ளைகளுக்கான அளவையும் மருத்துவரிடமே கேளுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டன்செட்ரான் சிரப்பைச் சிலர் கொடுக்கிறார்கள். வயிற்றுக் கோளாறால் வரும் வாந்திக்கு உதவும் அந்த மருந்து, பயணக் குமட்டலைத் தடுப்பதில் அவ்வளவு உதவுவதில்லை.

ரமளானில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று. நோன்பாளிக்கு வழியில் தானாக வாந்தி வந்துவிட்டால் நோன்பு முறியாது, வேண்டுமென்றே வரவழைத்தால் முறியும் என்பது உலமாக்கள் பெரும்பாலோரின் விளக்கம். மாத்திரை விழுங்கினால் நோன்பு முறியும். அவசியப் பயணமும் நோயும் உள்ளவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. உங்கள் நிலைமையைப் பள்ளி இமாமிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வண்டி நின்று சிறிது நேரத்தில் பயணக் குமட்டல் அடங்கிவிடும். மறுநாளும் தலைசுற்றல் இருந்தால், காதில் இரைச்சல் அல்லது கேட்கும் திறன் குறைவு இருந்தால், தலையில் அடிபட்ட பிறகு வாந்தி வந்தால், வாந்தியோடு நெஞ்சுவலியோ கைகால் மரத்துப்போவதோ பேச்சுக் குழறலோ இருந்தால், அதைப் "பயணம்தான் காரணம்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். நோயாளியை மலையிலிருந்து படுக்க வைத்து இறக்க நேர்ந்தால், வாந்தி வரும்போது தலையை மட்டும் திருப்பாமல் உடலையே ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்க இது உதவும். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சொல்கிறபடியே திருப்ப வேண்டும்.

பெரியவர்கள் பயணத்துக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை அவருக்கு முன் இருக்கையைக் கொடுங்கள். ஓட்டுநரிடம் முன்பே சொல்லி வைத்து, மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, அடுத்தது இடப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். இன்ஷா அல்லாஹ், நல்லபடியாகப் போய் வருவார்கள்.